முள்ளம்பன்றியும் கைகலப்புத் தேர்வும்

ஒரு காட்டில் படைக்கு ஆள் எடுத்தார்கள். எதிரி என்று யாரும் இல்லை. படை இல்லாத ராஜாவை எவன் மதிப்பான் என்று சிங்கராஜாவுக்கு ஒரு கவலை, அவ்வளவுதான்.

புதுச் சிப்பாய்களில் செங்கோடன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். பிறந்ததிலிருந்து சிப்பாய்க் கனவு. ஓட்டத்தில் தேறினான், குழி வெட்டுவதில் முதலாவதாக வந்தான். மிச்சம் இருந்தது கைகலப்புப் பயிற்சிதான். ஜோடி சேர்ந்து கட்டிப் புரள வேண்டும். பிறகு ஜோடிக்காரர் படிவத்தில் கால்ரேகை வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ரேகை விழாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

செங்கோடன் படிவமும் கையுமாக ஒவ்வொருவரிடமும் கெஞ்சினான்.

“எனக்கு வயித்து வலிப்பா” என்றது முயல்.

“எங்க மாமா தவறிட்டார்” என்றது மான். அந்த வாரத்தில் அதே மாமா மூன்றாவது முறையாகத் தவறியிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பயிற்சி கொடுத்த காட்டுப்பன்றி, ஹவில்தார் வேலப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“பயந்தாங்கொள்ளிங்களா! எதிரிய எப்படிப் பிடிக்கணும்னு பாருங்கடா. பின்னாலேர்ந்து, இறுக்கி!”

“ஐயா, பின்னாலேர்ந்து மட்டும் வேணாம்யா...”

“எனக்கே சொல்லித் தர்றியா?”

முப்பத்தெட்டு முட்களையும் பிடுங்க வைத்தியர் குரங்குக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. ஹவில்தாரின் நாலு காலிலும் கட்டு. ரேகை வைக்க ஒரு குளம்புகூட வெளியே தெரியவில்லை.

“ஐயா, அப்ப நான் பாஸா?”

குப்புறப் படுத்தபடியே ஹவில்தார் குறிப்பு எழுதச் சொன்னார்: “இவர் எதிரியைக் கிட்டவே நெருங்க விடுவதில்லை. எனவே சண்டைக்குத் தகுதியற்றவர்.”

செங்கோடன் தேம்பித் தேம்பி அழுதான். பாவம், பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் வீட்டுக்கு அனுப்புமுன் சீருடையைக் கழற்றி வாங்குவது விதி. அதுவோ முள்ளில் மாட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. இழுத்துப் பார்க்க ஒருவரும் முன்வரவில்லை. சீருடையில் இருப்பவரை வெளியே அனுப்பவும் விதியில்லை. வேறு வழியில்லாமல் அவனைப் படையின் குறைதீர்க்கும் பிரிவில் உட்கார வைத்தார்கள்.

அங்கே ஜன்னல் சின்னது. மனு கொடுப்பவர் தலையை உள்ளே நீட்ட வேண்டும். முதல் நாள் நரி ஒன்று நீட்டியது. மறுநாளிலிருந்து யாருக்கும் குறையே இல்லை.

வருஷக் கடைசியில் சிங்கராஜா கோப்பைப் புரட்டினார். “ஒரு மனுகூட இல்லையா? பலே!” என்றவர், அன்றே செங்கோடனைத் தளபதியாக்கினார்.

நீதி: சண்டை போடத் தெரிந்தவன் சிப்பாய் ஆவான், யாராலும் நெருங்க முடியாதவன் அதிகாரி ஆவான்.