டாக்டரின் வாயும் முதல் வரியும்

பல் டாக்டருக்காகச் செய்த வலைப்பக்கத்தில், திரையில் சிரித்துக்கொண்டிருந்த அவருடைய மேல்வரிசைப் பல்லுக்கும் கீழ்வரிசைப் பல்லுக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை விழுந்திருந்தது.

"காலையில இவர் வாய் ஒழுங்காத்தானே இருந்துச்சு?" என்றாள் பக்கத்து மேசை அக்கா.

"முதலாளி முதல் வரியை மாத்தச் சொன்னாருக்கா" என்றான் டிசைனர்.

தான் எந்த விதிக்குக் கட்டுப்பட்டது என்பதை வலைப்பக்கம் தன் முதல் வரியிலேயே பிரவுசரிடம் சொல்லிவிட வேண்டும். ஸ்ட்ரிக்ட் என்றால் கறார். டிரான்ஸிஷனல் என்றால் பழைய பழக்கங்களைக் கண்டும் காணாமல் விட்டுவிடும். ஒரு பக்கத்துக்கு ஒரு விதிதான். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள வழியில்லை. "நம்ம கம்பெனியில எல்லாமே ஸ்ட்ரிக்ட்" என்பது முதலாளியின் கொள்கை. டிசைனரோ படம் சீக்கிரம் திறக்கட்டும் என்று டாக்டரின் முகத்தை இரண்டு துண்டாக வெட்டி, கட்டங்களில் அடுக்கியிருந்தான். கறார் வந்ததும் துண்டுகள் ஒட்ட மறுத்துவிட்டன.

பக்கம் ஏற்கெனவே இணையத்தில் ஏறிவிட்டது. மாலையில் டாக்டர் நேரில் வருகிறார். அவர் தலையாட்டினால்தான் டிசைனருக்கு வேலை நிரந்தரம்.

கீழ்த்துண்டை மேலே இழுத்தான். மேல்வரிசைப் பல் மொத்தமும் மறைந்தது.

"பொக்கை வாயாயிட்டாரு" என்றாள் அக்கா.

பழையபடி இறக்கி, பட்டைக்கு இளஞ்சிவப்பு பூசினான்.

"இப்ப நாக்கைத் துருத்துறாரு. பேசாம டிரான்ஸிஷனல் போட்டுடு. முதல் வரியை எவன் படிக்கிறான்?"

பூச்சை அழித்தான், வாசலைத் திரும்பிப் பார்த்தான், முதல் வரியை மாற்றினான். போருக்குப் போனவன் ரயிலிலிருந்து இறங்கியதும் மனைவி ஓடிவந்து கட்டிக்கொள்வதுபோலப் பல்வரிசைகள் சேர்ந்துகொண்டன.

மாலையில் டாக்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். முதலாளி திரையைக் காட்டினார்.

"எல்லாம் ஸ்ட்ரிக்ட், டாக்டர்! கறாரா இருந்தா பல்லுகூட வரிசையில நிக்கும். என்ன தம்பி?"

"ஆமா சார்" என்றான் டிசைனர், தரையிடம்.

டாக்டர் தலையாட்டப் போனார். அவர் மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மத்தியானம் வீட்ல பாத்தப்போ இவர் வாய் ஒட்டாம இருந்துச்சே தம்பி?"

முதலாளி திரும்பினார்.

"அது... சரி பண்ணிட்டேன் மேடம்."

"ஐயோ, அதை ஏன் எடுத்தீங்க? இவர் பண்றதே வாய் ஒட்டாதவங்களுக்குக் கம்பி கட்டுற வைத்தியம்தான். அதையும் இதையும் ஒரே பக்கத்துல ஜோடியாப் போடுங்க: சிகிச்சைக்கு முன்னாடி, சிகிச்சைக்குப் பின்னாடி!"