அடுத்த மாதம் வாங்குகிறவர்

ஐயா, அம்மணி, 'அடுத்த மாதம் வாங்குகிறவர்' என்றோர் இனம் உண்டு. பிரேசிலில், குரிச்சிபா நகரில் வீடியோ கேம் கடை வைத்துப் பிழைக்கிற நான் சனிக்கிழமைதோறும் அவரைத் தரிசிக்கிறேன். பழைய கேம் மெஷின் வந்தபோது என் கடை வாசலில் அடிதடி. புதியது வந்து ஒரு வருடமாகிறது; பெட்டிகள் கூரையை முட்டுகின்றன. ஏன் விற்கவில்லை என்று நிபுணர்கள் படம் போட்டு விளக்குகிறார்கள். அவர்களை இங்கே அனுப்புங்கள், அந்த இனத்தின் தலைவர் வால்டெமிரைக் காட்டுகிறேன்.

வருவார். பெட்டியை இறக்கச் சொல்வார். தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, அட்டையில் இருப்பதை ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டுத் திருப்பித் தருவார்.

"விலை இறங்கட்டும்ப்பா."

இறங்கியது.

"கறுப்புக் கலர் வரட்டும்."

வந்தது.

"பழசுலயே எல்லா ஆட்டமும் ஓடுதே, என்ன அவசரம்?"

அதோடு விட்டாரா? பணத்தை எடுக்கப்போன இன்னொருவர் காதிலும் அதையே ஊதி, அவரையும் வெறுங்கையோடு காப்பி குடிக்க அழைத்துப் போய்விடுவார்.

உண்மைக் காரணம் வேறு. ஞாயிறுதோறும் அவர் வீட்டில் இறைச்சி சுட்டுத் தின்றபின், மச்சான் ஜுசெலினோவுடன் டிவியில் பழைய மெஷினை மாட்டிக் கால்பந்து ஆட்டப் போட்டி. தோற்றவர் கரியடுப்பின் கம்பிகளைத் தேய்க்க வேண்டும். மச்சானுக்குத் தருகிற, கையில் பிடித்து ஆடும் பழைய கன்ட்ரோலர் எப்போதும் இடப்பக்கமே இழுக்கும். நான்கு வருடமாக மச்சான்தான் தேய்க்கிறார். புது மெஷின் வந்தால் புதுக் கன்ட்ரோலரும் வந்து தொலைக்குமே!

போன சனிக்கிழமை ஜுசெலினோவே கடைக்கு வந்துவிட்டார். வால்டெமிர் பதறினார்.

"என்ன அவசரம் மச்சான்?"

"என் கையப் பாரு. நாலு வருசக் கரி. சோப்புக்கும் போகல, எலுமிச்சைக்கும் போகல."

ஜுசெலினோ வாங்கியே விட்டார். மறுநாள் அதில்தான் போட்டி. வால்டெமிர் தோற்றது ஏழுக்கு ஒன்று. உலகக் கோப்பையில் ஜெர்மனியிடம் நாங்கள் தோற்ற கணக்கும் அதுவே; எங்கள் நாட்டில் அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

திங்களன்று வால்டெமிர் வந்தார், நகமெல்லாம் கரி. அப்பாடா, ஆள் விழுந்தார் என்று குதூகலமாக ஏணியில் ஏறினேன்.

"எறங்குப்பா. இதுக்கு அடுத்த மெஷின் எப்ப வருதுன்னு கேக்கத்தான் வந்தேன். அது வந்ததும் மொத ஆளா நிப்பேன் பாரு."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். கண்ணாடி விரிசல்விட்ட உங்கள் செல்போனை இப்போது மெல்லக் குப்புறக் கவிழ்த்தீர்களே, நான் பார்க்கவில்லை என்று நினைப்பா?