துவான் ஆக்கு

உலகத்தில் நடந்த அந்தப் பெரிய சண்டை யாருக்கும் யாருக்கும் நடந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அது சப்பான்காரனுக்கும் எங்கள் டிரஸ்ஸர் மாமாவுக்கும் நடந்த சண்டை. மாமாவே சொன்னதுதான், நான் கற்பனை செய்யவில்லை. அவர் வேலை பார்த்த தீம்பாரின், அதாவது ரப்பர்த் தோட்டத்தின், மேல் முதல் ஆகாயக் கப்பல் பறந்தபோது அவர் மத்தியானச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தாராம். "நான் ரசத்துக்கு வர்ற நேரம் பாத்து வந்தான்" என்பார். அந்தக் கோபம் கடைசிவரை அவருக்குத் தணியவில்லை.

மாமா என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன். ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் வேலை. துரை கப்பலேறி ஓடிப்போனதும் தோட்டம் படுத்துவிட்டது. மனைவி செத்துப் பல வருஷமானவர், பிள்ளை கிடையாது. மலாக்கா டவுனை ஒட்டிய காஜா பேராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டு வாசலில் ஒருநாள் தகரப் பெட்டியோடு வந்து நின்றார். எனக்கு அப்போது இருபது வயது. கல்யாணமாகி எட்டு மாதம்.

பெட்டியில் நாலு வெள்ளை கோட்டு, ஒரு ஸ்டெதாஸ்கோப், சட்டம் போட்ட அவருடைய படம் ஒன்று. வேறெதுவும் இல்லை. முன்னறையில் முருகன் படத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் தன்னை மாட்டினார்.

"என்ன மாமா இது, சாமி படத்தைப் போய்..." என்றேன்.

"முருகனுக்கு ஊரெல்லாம் படம் இருக்கும்மா. எனக்கு இது ஒண்ணுதான்."

பக்கத்து வீட்டில் மலாக்காச் செட்டிக் குடும்பம் இருந்தது. பெயரில் பிள்ளை, நெற்றியில் திருநீறு, பேச்சு மட்டும் மலாய். அந்த வீட்டு அம்மாளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். தமிழில் அவருக்குத் தெரிந்த ஏழெட்டு வார்த்தைகளில் அதுவும் ஒன்று. மாமா அவரிடம் ஒருநாள் வேலியோரம் நின்று மலாயில் பேசினார். ஆக்கு இதைச் செய்தேன், ஆக்கு அதைச் செய்தேன், துரைசாணிக்குக் காய்ச்சல் வந்தபோது ஆக்குதான் போனேன். ஆக்கு என்றால் நான். அன்றிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கம் அவருக்குப் பெயர் துவான் ஆக்கு. 'நான் ஐயா' என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு மாதத்தில் தெரு முழுக்க அதுவே பெயராகிவிட்டது. மாமாவுக்கும் தெரியும். மரியாதைக்கு வைத்த பெயர் என்று நம்பினார்.

எதைப் பேசினாலும் பேச்சு அவரிடம்தான் போய் நிற்கும். நானும் என் வீட்டுக்காரரும் அதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தோம். வீட்டுக்காரர் ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துவிடுவார். எத்தனையாவது வாக்கியத்தில் மாமா தன்னிடம் வந்து சேருகிறார் என்று நான் விரலை மடக்குவேன். கிளேபாங் கடற்கரையில் பெரிய திருக்கை ஒதுங்கியதாம் என்றார் ஒருநாள். "திருக்கையா? திருக்கை முள்ளு குத்தினா என்ன மருந்துன்னு இந்த மலாயாவுல எத்தனை பேருக்குத் தெரியும்?" என்றார் மாமா. ஒரே வாக்கியம். நான் அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன்.

சிரிக்க முடியாததும் இருந்தது. அரிசி பங்கீட்டில்தான் வரும், அதிலும் பாதி கல்லும் சுண்ணாம்பும். நாங்கள் மரவள்ளிக் கிழங்குக்குப் பழகிக்கொண்டோம். மாமா பழகவில்லை. "என் வயிறு அரிசி வயிறும்மா" என்று சொல்லி வந்த சோற்றில் முக்கால்வாசியை அவரே சாப்பிட்டார். வீட்டுக்குப் பெரியவர். நானும் வாய் திறக்காமல் பரிமாறினேன். அப்போது நான் முழுகாமல் இருந்தேன். ஏழாவது மாதம் ஒருநாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்மா இப்படி ஊதிப் போய்ட்டே? உப்பைக் குறை" என்றார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவருக்குப் பிள்ளைத்தாச்சி வயிறு தெரியவில்லை!

குழந்தை பிறந்தது, பெண். தன் பெயரை வைக்கச் சொன்னார். பெண்ணுக்கு எப்படி மாமா என்றேன். "முதல் எழுத்தையாவது வைக்கலாமே" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

டவுனுக்குப் போகும் ரோட்டில், நாங்கள் சடக்கு என்போம், சப்பான் காவல்காரன் நிற்பான். எல்லோரும் குனிந்து வணங்கிவிட்டுப் போக வேண்டும். மாமாவும் குனிந்தார். அழகாகத்தான் குனிந்திருக்கிறார். நிமிர்ந்து, அவன் பதிலுக்குக் குனிவான் என்று அங்கேயே காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். விட்டான் ஓர் அறை. கன்னம் வீங்கி வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "அவன் கை சுட்டுச்சு. காய்ச்சல் ஏறுற கை. நாளைக்குப் படுத்துருவான் பாரு."

குழந்தைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது என் பிறந்த வீடு இருந்த புக்கிட் ரம்பாயிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து, என் அப்பா முதல் நாளே மலேரியாவில் செத்துப்போய் எடுத்தும் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"என் அப்பா செத்தப்போ நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அவருடைய அப்பா செத்தது, அவர் கொள்ளி வைத்தது, அவருடைய தைரியத்தைப் பார்த்துத் துரை தோளில் தட்டியது என்று ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் எழுந்து, "அந்தக் கோட்டுக்குக் கஞ்சி போட்டியாம்மா?" என்றார்.

எனக்குள் என்னவோ விட்டுப்போயிற்று.

"மாமா, செத்தது எங்கப்பா. இன்னைக்கு உங்க கதை வேணாம். கஞ்சியும் போட மாட்டேன். கொஞ்சம் வெளிய போங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதில் கோபம் இல்லை. தெரியாத பாஷையில் யாரோ ஏதோ கேட்டுவிட்டது போல விழித்தார். பிறகு வெளியே போனார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கத்து அக்கா என் அழுகைச் சத்தம் கேட்டு வந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சபார், சபார்" என்று மட்டும் சொன்னார். பொறுத்துக்கோ என்று அர்த்தம். அரை நாள் என்னோடு உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் எனக்கு அன்று வேண்டியிருந்தது.

அந்த இரண்டு நாளில் நிறைய யோசித்தேன். இந்த மனுஷர் ஒருநாள் திரும்பி, 'நீ எப்படிம்மா இருக்கே' என்று கேட்பார் என நான் ஒன்றரை வருஷமாகக் காத்திருந்திருக்கிறேன். தண்ணி வராத குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, வரும் வரும் என்று நின்றிருக்கிறேன். குழாய்மேல் கோபப்பட்டு என்ன பண்ணுவது? குடத்தை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போக வேண்டியதுதான். அன்றிலிருந்து என் மனக்குறையை அவரிடம் கொண்டுபோகவில்லை. வேலியோரம் அக்காவிடம் கொண்டுபோனேன். சோற்றையும் மூன்று தட்டில் சரிசமமாக வைத்தேன்.

"இவ்வளவுதானா?" என்றார் மாமா.

"இருக்கிறது இவ்வளவுதான் மாமா."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். வைத்ததைச் சாப்பிட்டார். கிழங்கையும் சாப்பிட்டார். இவ்வளவு சுலபமா, முதல் மாதமே இதைச் சொல்லியிருக்கலாமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. கதைகள் மட்டும் நிற்கவில்லை. நான் பாதி கேட்பேன், பாதியில் எழுந்து என் வேலையைப் பார்ப்பேன். அவர் சுவரைப் பார்த்து மீதியைச் சொல்லி முடிப்பார். இருவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

பிறகு சப்பான்காரர்கள் சயாம் காட்டில் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். தோட்டங்களில் முடித்துவிட்டு டவுன் பக்கம் வந்தார்கள். போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருநாள் காலையில், நாங்கள் பசியாறிக்கொண்டிருந்த நேரம், தெருவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு காகிதத்தோடு வந்தார். அவரும் நம்மவர்தான். முகத்தை நிமிர்த்தவே இல்லை. "வீட்டுக்கு ஒரு ஆளாம். நான் என்ன பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் பெயரைப் படித்தார்.

என் வீட்டுக்காரர் கையிலிருந்த கோப்பியைக் கீழே வைக்கவும் தெரியாமல் அப்படியே இருந்தார்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். "எங்க, காட்டு. என் பேரு எங்க?"

"உங்க பேரு இல்லீங்க. வயசானவங்கள எடுக்கல."

"வயசானவனா? நானா? இந்த வீட்டுல ஒரு பேரு எழுதணும்னா எவன் பேர எழுதணும்னு உனக்குத் தெரியாது? நட, உன் ஆபீசுக்கு."

வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். தடுத்த என் வீட்டுக்காரரை ஒதுக்கிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். மத்தியானம் திரும்பி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"அங்க ஆயிரக்கணக்குல ஆளு இருக்கானாம், மருந்து போட நாதி இல்லையாம். என்னை டாக்டர்னு கூப்பிட்டான் அந்தச் சப்பான்காரன். இவன் பேர அடிச்சிட்டு என் பேர எழுதச் சொல்லிட்டேன்."

"மாமா, அங்க போனவங்க..." என்று என் வீட்டுக்காரர் அழுதார்.

"உனக்கு என்னடா தெரியும்? புண்ணுக்கும் கட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவன் நீ. நீ போய் என்ன பண்ணுவே? ஒரு வீட்டுக்கு ஒரு பேருதான். அது என் பேரா இருக்கட்டும்."

அவர் எங்களுக்காகச் செய்தாரா, பட்டியலில் தன் பெயர் இல்லாத அவமானத்தில் செய்தாரா? என் வீட்டுக்காரர் சாகும்வரை முதலாவதைத்தான் நம்பினார். எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்கே தெரிந்திருக்காது என்று தோன்றுகிறது. நாலு கோட்டுக்கும் அன்று கஞ்சி போட்டேன். மரவள்ளி மாவுக் கஞ்சி. அவர் கேட்கவில்லை, நானாகப் போட்டேன்.

இரண்டாம் நாள் லாரி வந்தது. என் வீட்டுக்காரரும் நானும் நடுச்சடக்கிலேயே அவர் காலில் விழுந்தோம். அவர் கவனிக்கவில்லை. தன்னை ஏன் முன்னால் உட்கார வைக்க வேண்டும் என்று டிரைவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். முன்னால்தான் உட்கார்ந்து போனார்.

சண்டை முடிந்து ஐந்தாறு மாதம் கழித்து, உஜோங் பாசிரில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்த ஒருவர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். தோட்டத்து ஆள், என் வயதுதான் இருக்கும். இடது காலில் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை பெரிய தழும்பு. சயாமிலிருந்து திரும்பியவர்.

"டாக்டரய்யா வீடு இதுதானுங்களா?"

உட்கார வைத்தோம். தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"இந்தக் கால வெட்டிடணும்னாங்க. ஐயாதான் விடல. தினம் கரண்டியால சுரண்டிக் கழுவுவாரு. உசுரு போவும். அப்ப ஏதாச்சும் பேசுவாரு. எல்லாம் அவரு கதைதான். துரை தட்டிக் குடுத்தது, துரைசாணி காய்ச்சல். எனக்குக் கோவம் கோவமா வரும், 'யோவ், நான் இங்க சாவுறேன், நீ உன் பெருமை பேசுறியா'ன்னு. அந்தக் கோவத்துல வலி கொஞ்சம் விட்டுரும். ஒருநாளும் என் பேரக் கேக்கலீங்க. 'ஏய் இடது கால்'னுதான் கூப்பிடுவாரு. ஆனா ஒருநாள்கூட வராம இருந்ததில்ல."

காலரா கொட்டகைக்குள் யாரும் போகமாட்டார்களாம். மாமா போவாராம். "அதுக்கு என்னைத் தொட தைரியம் இருக்கா" என்று சொல்லிக்கொண்டே போவாராம். அப்படிப் போக ஆரம்பித்த மூன்றாவது வாரம் அது தொட்டுவிட்டது. அங்கேயே எரித்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அவர் அழுவது கேட்டது. வந்தவருக்குச் சங்கடமாகிவிட்டது. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன், புறப்படுகிறேன் என்று எழுந்தார்.

"இருங்க" என்றேன். "கோப்பி கலக்குறேன். உக்காந்து அவரப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்க."