எஸ்தர் மிஸ்ஸுக்கு நான் போட்ட மாலை

சில கேள்விகளை யாரிடமும் நேராகக் கேட்க முடியாது. "உங்களுக்கு எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டுவிடலாம், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருக்கும் அக்காவே கேட்பார். "ஏன் இன்னும் கலியாணம் முடிக்கல்ல?" என்று கேட்காவிட்டால்தான் எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. ஆனால் "இன்னார் இன்னும் உயிரோடு இருக்கிறாரா?" என்று மட்டும் கேட்டுவிட முடியாது. வாயைக் கழுவிவிட்டு வரச் சொல்வார்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்க வெட்கப்பட்ட காரணத்தால், உயர்தரம் படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்திய முன்னாள் அதிபர் ஒருவரை நான் எல்லோர் முன்னாலும் சாகடித்தேன்.

எங்கள் பள்ளிக்கூடம் மட்டக்களப்பு வாவிக்கரையில் மிஷன்காரர் தொடங்கிய தனியார் பெண்கள் பாடசாலை. முதல் வகுப்பு ஓலைக் கொட்டிலில் நடந்ததும், முதல் அதிபர் வீடு வீடாகப் போய்ப் பெண்பிள்ளைகளைத் தரும்படி கேட்டதும், பிள்ளைகள் தோணியில் வந்ததும் எங்களுக்கு ஆறாம் ஆண்டிலேயே மனப்பாடம். நான் வந்தது ஆரையம்பதியில் இருந்து பஸ்ஸில். கல்லடிப் பாலம் வருவதற்குள் இரட்டைப் பின்னலின் ரிபனைச் சரிசெய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வாசலில் நிற்கும் மாணவத் தலைவி பிடித்து ஓரமாக நிறுத்திவிடுவாள். (நான் பன்னிரண்டு தடவை நின்றிருக்கிறேன். பிறகு நானே மாணவத் தலைவியாகி, பழிக்குப் பழியாகப் பலரை நிறுத்தினேன்.)

ஸ்தாபகர் தினத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மறைந்த அதிபர்களின் பெயர்களை, வகுப்பில் இடாப்பைப் பார்த்து வரவு கூப்பிடுவது போல ஒரு மாணவி மேடையில் நின்று ஒவ்வொன்றாக வாசிப்பாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மெழுகுதிரி. பெயரைக் கேட்டதும் முழுப் பள்ளியும் ஒரே குரலில், "எங்களோடு இருக்கிறார்!" என்று பதில் சொல்லும். வெளியிலிருந்து வருகிறவர்கள் கண் கலங்குவார்கள்.

அந்த வருடம் பள்ளி வரலாற்றையும் இடாப்பையும் வாசிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. பிரதி அதிபர் சுகந்தி மிஸ் என்னைக் கூப்பிட்டு, "இத ஒழுங்காச் செய் புள்ள. சிரேஷ்ட மாணவத் தலைவிய அடுத்த கிழமைதான் தெரிவு செய்யிற," என்று சொல்லிவிட்டு அர்த்தத்தோடு சிரித்தார். அதை நான் வீட்டில் சொன்னது தப்பு. கிரானில் வயலுக்கு நடுவே பிறந்து, இந்தப் பள்ளிக்கூடத்தை வெளியே இருந்து மட்டுமே பார்த்து வளர்ந்தவர் என் அம்மா. மறுநாள் காலைக்குள் மீன்காரர், தையற்காரி, எங்கள் ஒழுங்கைத் தெருவின் இரண்டு பக்கத்து வீடுகள் எல்லோருக்கும் நான் சிரேஷ்ட மாணவத் தலைவி ஆகிவிட்டேன். பின்வாங்க வழியில்லை.

போன வருடம் வாசித்த தாளைக் காணவில்லை. நானே எழுதவேண்டியதாயிற்று. ஏழு வருடம் அந்த இடாப்பைக் கேட்டவள்தானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டேன்தான். ஆனால் மனம் முழுக்க அது முடிந்ததும் கிடைக்கப்போகும் பற்றிஸ் பலகாரத்தின் மேல் இருந்தது.

ஸ்தாபகர் தினத்துக்கு முதல் நாள் மண்டபத்துச் சுவரில் இருந்த அதிபர்களின் படங்களைத் துடைக்க என்னையும் தோழி டிலானியையும் விட்டார்கள். மறைந்தவர்களின் படங்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் மாலை போட்டிருக்கும். படங்களை இறக்கி, மாலைகளைக் கழற்றி எல்லாவற்றையும் ஒரே வாளிச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டோம். எந்த மாலை எந்தப் படத்தில் இருந்தது என்று குறித்துவைக்கவேண்டும் என்ற எண்ணம் இருவருக்கும் வரவில்லை.

மாலைகள் காய்ந்தபோதுதான் பிரச்சினை தெரிந்தது. நான் உடனே ஒரு விதி கண்டுபிடித்தேன். கறுப்பு வெள்ளைப் படம் என்றால் ஆள் இல்லை, கலர்ப் படம் என்றால் ஆள் இருக்கிறார். கறுப்பு வெள்ளைப் படங்கள் ஏழு. மாலைகள் ஆறு.

கணக்கில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய நான் இந்த இடத்தில் ஒரு கணம் யோசித்திருக்கலாம். யோசித்தேன். ஒரு மாலை தொலைந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தேன்.

ஏழாவது படத்தின் கீழே 'செல்வி எஸ்தர்' என்று இருந்தது. ஒடுங்கிய முகம், இறுக்கமான கொண்டை, நம்மைப் பார்த்து "சப்பாத்து ஏன் அழுக்கு?" என்று கேட்கும் கண்கள்.

"இவ செத்திட்டாவா புள்ள?" என்றாள் டிலானி.

"படத்தப் பாரு. எவ்வளவு பழசு."

"சுகந்தி மிஸ்ஸிட்ட ஒருக்காக் கேப்பமா?"

"நீ போய்க் கேளு."

"நான் எப்பிடிக் கேக்கிற? நீதானே வாசிக்கப்போறாய், நீ கேளு."

இருவரும் கேட்கவில்லை. நாடக அலுமாரியில் இருந்து, அரசகுமாரி வேடத்துக்கு வைத்திருந்த ஜிகினா மாலையை எடுத்து எஸ்தர் மிஸ்ஸுக்குப் போட்டோம். வரிசையிலேயே அவர்தான் மினுங்கினார். இரவு பட்டியலில் ஏழு பெயர்களையும் அழகாக எழுதினேன். காலையில் சுகந்தி மிஸ் அதை வாங்கி, மூன்று இடத்தில் காற்புள்ளி போட்டுத் திருப்பித் தந்தார்.

விழா தொடங்கியது. மூன்றாவது வரிசையில் அம்மா, கலியாணத்துக்குக் கட்டும் சேலையில் இருந்தார். டிலானி மெழுகுதிரிகளுடன் மேடைக்குப் பின்னால் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தாள். நான் மேடை ஓரத்தில் தாளோடு நின்றேன். அதிபர் மைக்கின் முன்னால் வந்தார்.

"இன்று எங்களுக்கு ஒரு பெரிய சந்தோசம். பல வருடம் கண்டியில் உறவினருடன் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கும் எங்கள் முன்னாள் அதிபர், அன்புக்குரிய எஸ்தர் மிஸ் நம்மோடு..."

பழைய ஆசிரியைகள் எழுந்து கைதட்டினார்கள். வாசலில் ஊன்றுகோலுடன் ஒடுங்கிய முகமும் இறுக்கமான கொண்டையும் வந்தன. படம் நடந்து வருவது போல இருந்தது. அவரைக் கொண்டுவந்து முன்வரிசையில், நேரே ஜிகினா மாலைக்குக் கீழே இருத்தினார்கள்.

எனக்கு இருந்த அவகாசம் ஒரு ஞானப்பாட்டும் ஒரு வரவேற்பு நடனமும்தான். ஊர்ப் பிள்ளையாரையும் பள்ளிக்கூடத்து இயேசுவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். நடனம் நீளவேண்டும், மின்சாரம் போகவேண்டும், எனக்கு மயக்கம் வரவேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் ஒரு வழி தெரிந்தது. ஆறு பெயரோடு நிறுத்திவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

வரலாற்றை வாசித்தேன். கொட்டிலும் தோணியும் நல்லபடியாகக் கரை சேர்ந்தன. இடாப்பைத் தொடங்கினேன். முதல் பெயர். "எங்களோடு இருக்கிறார்!" டிலானி ஒரு திரி ஏற்றினாள். இரண்டு, மூன்று, நான்கு. எஸ்தர் மிஸ் தலையை மெல்ல ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து. ஆறு. நான் தாளை மடித்தேன்.

வரவேற்புரை நேரம் மேடைக்குப் பின்னால் நின்றதால் எதையும் கேட்டிராத டிலானி, கையில் ஏழாவது மெழுகுதிரியோடு என் காதருகே குனிந்தாள். காதருகே மைக்கும் இருந்தது.

"அடியே, எஸ்தர் மிஸ்ஸ விட்டிட்டாய்!"

மண்டபம் முழுவதும் அது கேட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூளை என்று ஒன்று வேலை செய்திருந்தால் "மன்னிக்கவும்" என்று இறங்கியிருப்பேன். நானோ, வேகமாக வாசித்தால் காதில் விழாது என்று நினைத்து, "செல்விஎஸ்தர்" என்று ஒரே சொல்லாக விழுங்கி வாசித்தேன்.

எங்கள் பிள்ளைகள் பழக்கப்பட்டவர்கள். பெயர் கேட்டால் பதில் வரும். கூரை அதிர, "எங்களோடு இருக்கிறார்!" என்றார்கள்.

அது அடங்கியதும் முன்வரிசையில் ஊன்றுகோல் தட்டும் சத்தம் கேட்டது. எஸ்தர் மிஸ் எழுந்து நின்றார்.

"ஓம். இரிக்கன்," என்றார்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி ஆசிரியைகள் வரை வந்தது. அம்மா மட்டும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். நான் மேடைப் படியில் இறங்கவில்லை, உருண்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

பற்றிஸ் நேரத்தில் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். எஸ்தர் மிஸ் தன் படத்தின் முன்னால் தனியாக நின்றார்.

"மாலை நல்லாரிக்கு. மத்த ஆறு பேருக்கும் இல்லாத மினுக்கம்," என்றார். "கறுப்பு வெள்ளப் படம் எண்டு போட்டயாக்கும்? எனக்குப் படம் புடிக்கிற விருப்பமில்ல. அடையாள அட்டப் படத்தத்தான் பெருப்பிச்சவங்க. அது சரி, நான் இரிக்கனா எண்டு ஏன் ஒருத்தரிட்டயும் கேக்கல்ல?"

"எப்பிடிக் கேக்கிற மிஸ்... வெக்கமா இருந்திச்சு."

அவர் தன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "இரிப்பன் எண்டு ஒருத்தருக்கும் தோணவும் இல்ல, என்ன?" என்றார்.

அதுவரைக்கும் என் மானத்தையும் கிடைக்கவிருந்த சிரேஷ்ட மாணவத் தலைவிச் சின்னத்தையும் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். இவ்வளவு காலம் இந்தப் பள்ளிக்கூடத்தை நடத்திய ஒருவரைச் சுவரில் ஒரு படமாக மட்டுமே நினைத்திருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் அழுதேன்.

"அழாத. உனக்கு ஒரு தண்டன தாறன். நான் இனிச் செட்டிபாளையத்திலதான், தம்பிட வீட்ட இரிப்பன். ஒவ்வொரு வருசமும் ஸ்தாபகர் தினத்துக்கு முன்ன வந்து, இரிக்கனா எண்டு என்னட்டயே நேர கேளு. என்ட பதிலக் கேட்ட மறுகா அவங்க பட்டியல எழுதட்டும்."

சிரேஷ்ட மாணவத் தலைவியாக வேறொருத்தி வந்தாள். ஊருக்கெல்லாம் சொல்லிவைத்த அம்மா இரண்டு வாரம் பின் ஒழுங்கையால் கடைக்குப் போனார். இப்போது அதே அம்மாதான் எங்கள் வீட்டில் கலியாண அழைப்புப் பட்டியல் எழுதும்போதெல்லாம், "பேனைய அவளிட்டக் குடுக்காதீங்க, உசிரோட இரிக்கிற ஆக்களயும் அடக்கம் செஞ்சுபோடுவாள்," என்று சபையில் சொல்லிச் சிரிக்கிறார். என் கணவருக்கு இந்தக் கதை நிச்சயதார்த்தத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது.

தண்டனையை நான் ஒரு வருடமும் தவறவிடவில்லை. செட்டிபாளையத்துக்குப் போவேன். "மிஸ், இரிக்கீங்களா?" என்பேன். "ஓம், இரிக்கன்," என்பார். பிறகு தேத்தண்ணி.

இந்த வருடம் அவர் கட்டிலில் இருந்தார். கேள்வியை இரண்டு தடவை கேட்கவேண்டியிருந்தது. பதில் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நாளைக்கு நான் பதில் சொல்ல மாட்டன். அந்த வருசம் என்ட பேர நீதான் வாசிக்கணும். அதிபரிட்டச் சொல்லி வெச்சிட்டன்."

"மிஸ்..."

"அண்டைக்கு வாசிச்சு ஓடின மாதிரி ஓடாத. ஆறுதலா வாசி. புள்ளைகள் பதில் சொல்லட்டும்."

என்னால் தாங்க முடியவில்லை. கட்டிலில் முகத்தை வைத்து விம்மி விம்மி அழுதேன். எஸ்தர் மிஸ் என் தலையில் மெல்லத் தட்டினார்.

"பாத்தியா," என்றார், "இந்த முறையும் நீ முந்திப்போட்டாய்."