உலகம் முழுவதும், நீங்கலாக

ஆம்பூர் வட்டாரத் தோல்காரர்களுக்கு ஆதிகேசவன் என்றால் அவர் விரல்தான், ஆளெல்லாம் அப்புறம். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இருபத்திரண்டு வருஷம் டேனரியில் தோல் தரம் பிரித்தவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தோலைத் தடவினால் போதும், இங்கே உண்ணி கடித்தது, இங்கே முள் கிழித்தது, இங்கே சூடு போட்டது என்று அந்த மாட்டின் வாழ்க்கை வரலாற்றையே சொல்லிவிடுவார். முதலாளியே வந்து "ஏ கிரேடுன்னு போட்டுடுப்பா" என்று கெஞ்சினாலும், பி என்றால் பிதான்.

அந்த டேனரியை மூடிவிட்டார்கள். மூன்று மாதம் சும்மா உட்கார்ந்திருந்த மனிதருக்கு எத்தியோப்பியாவிலிருந்து ஒரு ஷூ கம்பெனியின் கடிதம் வந்தது. தோல் பார்க்கும் வேலை. கடைசி வரியில் ஒரு நிபந்தனை: சர்வதேச மருத்துவக் காப்பீட்டைத் தாங்களே சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்து, பதினைந்தாம் தேதிக்குள் சான்றிதழ் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வேலை ராணிப்பேட்டைக்காரர் ஒருவருக்குப் போய்விடும். சுதந்திரம் என்று எவனாவது எழுத்தில் கொடுத்தால் அன்றைக்கே தலைவலி ஆரம்பம் என்பது ஆதிகேசவனுக்கு அப்போது தெரியாது.

வேலூரில் காப்பீட்டு முகவர் தபரேஸ் மூன்று திட்டங்களைப் பரப்பி வைத்தான். வெள்ளி, தங்கம், வைரம்.

"வைரம் எடுத்துக்குங்கணா. உலகம் பூரா செல்லும்."

"பூராவா?"

"பூரா. சொந்த நாடு நீங்கலாக."

"அங்க பெரிய வியாதி ஏதாச்சும் வந்துட்டா?"

"பேஜாரே இல்ல. பட்டியல்ல இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு பிளேன்லயே கொண்ணாந்துடுவாங்க."

"எந்த ஊர் ஆஸ்பத்திரி?"

தபரேஸ் பட்டியலைப் புரட்டினான். "வேலூர்."

"இதே வேலூரா?"

"இதே வேலூர்தான். கொண்ணாந்து எறக்குவாங்க, ஆனா வைத்தியம் கெடையாதுணா. உங்களுக்கு இது சொந்த நாடாச்சே."

ஜன்னலுக்கு வெளியே வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் அதே ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்காக வந்த ஜனங்கள் எக்ஸ்ரே கவரும் கையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆதிகேசவன் அவர்களைக் கொஞ்ச நேரம் பொறாமையோடு பார்த்தார். பிறகு வைரத்தையே தேர்ந்தெடுத்தார். தங்கத்தில் பிளேன் இல்லை, வெள்ளியில் வைத்தியமே இல்லை.

படிவம் பதினான்கு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில், தமிழ் என்று நம்பி யாரோ எழுதிய ஒரு வாக்கியம்: 'தங்கள் உடற்பரப்பில் முன்னரே நிலவும் குறைபாடுகள் யாவற்றையும் மறைக்காது தெரிவிக்கவும்.' வேறு எவனாக இருந்தாலும் பயந்திருப்பான். ஆதிகேசவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குறை கண்டுபிடிக்க அவருக்கா சொல்லித்தர வேண்டும்?

மறுநாள் காலை வெயில் நன்றாக விழும் இடத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். மனைவி மேகலாவின் கையில் சாக்பீஸைக் கொடுத்தார்.

"இன்னாங்க இது கூத்து? பக்கத்து வூட்ல பாத்தா சிரிப்பாங்க."

"முதுகுல எனக்குக் கண்ணா இருக்குது? நல்லாத் தடவிப் பாத்து வட்டம் போடு. ஒண்ணு கூட வுட்றாத."

தடுப்பூசித் தழும்பு, வேனல் கட்டி வடு, சைக்கிளிலிருந்து விழுந்த முட்டி, மெஷின் கடித்த விரல், காது குத்திய ஓட்டை இரண்டு. தோலை விரித்த மாதிரி தன்னையே படம் வரைந்து, நெஞ்சுப் பக்கம் பதினேழு, முதுகுப் பக்கம் பதினான்கு என்று குறித்து, அடியில் 'மொத்தத்தில் பி கிரேடு, உபயோகிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு தோலைப் பார்த்ததில்லை என்று அவருக்கே பெருமை.

பன்னிரண்டாம் தேதி சான்றிதழ் வந்தது. தெரிவிக்கப்பட்ட குறைகளும், அக்குறைகள் அமைந்துள்ள உறுப்புகளும், அவ்வுறுப்புகளோடு ஒட்டிய பகுதிகளும் நீங்கலாக, மனுதாரரின் இதர உடல் முழுவதும் காக்கப்படுகிறது. இதர உடல் என்பது வலது முழங்கையின் பின்பக்கம். அதையே அனுப்பி வைத்தார். எத்தியோப்பியாக் கம்பெனி ஒரே வரியில் பதில் போட்டது: நாங்கள் வேலைக்கு அழைத்தது முழு ஆளை.

அடித்துப் பிடித்துக்கொண்டு காப்பீட்டு அலுவலகத்துக்கு ஓடினார். மனுக்களை ஏற்கும் அதிகாரி ராமமூர்த்தி உட்காரச் சொல்லவில்லை.

"காதை எதுக்கு சார் எடுத்தீங்க?"

"ஓட்டை இருக்குன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"அது கம்மல் போடக் குத்துனது சார்!"

"தெரிஞ்சே போட்ட ஓட்டையா? அது இன்னும் மோசம்."

"எனக்கு ஒரு வியாதியும் இல்ல சார்."

"அதை மட்டும் நீங்க எழுதவே இல்லையே." ராமமூர்த்தி புதிய படிவம் ஒன்றை நீட்டினார். "எல்லாக் கேள்விக்கும் 'இல்லை'ன்னு போடுங்க. அஞ்சு நிமிஷத்துல சான்றிதழ். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"பழைய மனு உங்க மேஜை மேலயே கீதே சார்?"

"அது குறையுள்ள ஆதிகேசவன். அவர் கோப்பை மூடியாச்சு. நீங்க புது ஆதிகேசவன். உங்க ரெண்டு பேருக்கும் சம்பந்தமே கிடையாது."

"நாளைக்கு எனக்கு ஏதாச்சும் ஒண்ணு வந்துட்டா?"

"வந்தா அந்தப் பழைய கோப்பைத் திறப்போம்."

நாற்பது கேள்வி. நாற்பது 'இல்லை'. வாழ்நாளில் முதல் தடவையாகத் தடவிப் பார்க்காமல் தரம் போட்டார் ஆதிகேசவன். வெட்கமாக இருந்தது. ஆனால் சான்றிதழ் பளபளவென்று வந்தது, வேலையும் கிடைத்தது.

எத்தியோப்பியாவில் முதல் நாள், முதல் கட்டுத் தோலிலேயே ஏழைத் தள்ளி வைத்தார். மேனேஜர் ஜெயசீலன் அரக்கோணத்துக்காரர். சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்னாபா, ஊர் நெனப்பா? இதெல்லாம் ஏ கிரேடு."

"உண்ணிக் கடி இருக்குது சார். தொட்டுப் பாருங்க."

ஜெயசீலன் தோலைத் தொடவில்லை. காப்பீட்டுப் படிவம் இருந்த ஆதிகேசவனின் கோப்பைத்தான் தொட்டார். "நாப்பது எடத்துல 'இல்லை'ன்னு போட்டுக்கீறியே, அதே கைதானே? காப்பீடுன்னு கேட்டதே அதுக்குத்தான்பா. கேள்வியைப் படிக்காம 'இல்லை'ன்னு எழுதத் தெரிஞ்ச ஆள்தான் தரம் பாக்கத் தேவை. மொதல்ல நீ அனுப்புனதப் பாத்துப் பயந்தே பூட்டோம்."

ஆதிகேசவனுக்கு அழுகை வந்தது. அழுதால் அதுவும் முன்னரே நிலவும் குறைபாடு ஆகிவிடும் என்று அடக்கிக்கொண்டார். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. இப்போதெல்லாம் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டே தரம் பார்க்கிறார். 'சிறந்த அதிகாரி' என்று ஒரு பட்டயம் கூடக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த ஷூ கடைக்கு வந்துவிட்டது. அழகான பெட்டி, உள்ளே உத்தரவாதச் சீட்டு. உலகம் முழுவதும் செல்லும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நீங்களும் வாங்கியிருப்பீர்கள், படிக்காமல் கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். கழற்றி வைத்துவிட்டு, சாவகாசமாக அந்தக் கடைசி வரியைப் படித்துப் பாருங்கள்: 'காலில் அணிந்திருக்கும் நேரம் நீங்கலாக.'