மிதவை நாட்டில் இனாம் கொடுக்கும் முறை

மண்ணே இல்லாத ஒரு நாடு இருந்தது. அதன் பெயர் மிதவை நாடு. ஏழு தளங்கள் கொண்ட பெரிய கப்பல் ஒன்றுதான் அதன் மொத்தப் பரப்பு. மலை எது என்று கேட்டால் புகைபோக்கியைக் காட்டுவார்கள். ஆறு எது என்று கேட்டால், மழை நாளில் வாருங்கள், படிக்கட்டில் ஓடும் என்பார்கள். கப்பல் எங்கே போகிறது என்று கேட்டால் மட்டும் சின்னப் பிள்ளைகூடத் தயங்காமல் சொல்லும்: வளத்துறை. அடுத்த தேர்தலுக்குள் வளத்துறையை அடைந்துவிடுவோம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் அறிவிக்கப்பட்டு வந்தது.

அங்கே குடிமக்கள் என்ற சொல் கிடையாது. எல்லோரும் பயணிகள். பயணிகள் எல்லோரும் சமம் என்று சட்டம் சொன்னது. எந்தத் தளத்தில் சமம் என்பதைத் தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஒருவருடைய தரத்தை அந்த நாட்டில் உடையிலோ நகையிலோ பார்ப்பதில்லை. இனாம் கொடுக்கும் விதத்தில் பார்த்தார்கள். சோறு பரிமாறியவருக்கும் படுக்கை விரித்தவருக்கும் காசு கொடுக்கும்போது, கொடுப்பவர் கடலைப் பார்க்க வேண்டும். காசைப் பார்த்தால் கஞ்சத்தனம். வாங்குகிறவர் முகத்தைப் பார்த்தால் அற்பத்தனம். உச்சியில் இருந்த முதல் தளத்துப் பெரியவர்கள் தொடுவானத்தையும் தாண்டி எங்கோ பார்த்தபடி கொடுப்பார்கள். இரண்டாம் தளத்தார் தொடுவானத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள். மூன்றாம் தளத்து ஜன்னல்கள் தாழ்வானவை என்பதால் அவர்களுக்கு அலைகள்தான். நான்காம் தளத்திலிருந்து கீழே ஜன்னலே இல்லை. ஆகவே அங்கெல்லாம் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் நீலச் சாயம் அடித்து இரண்டு மீன்களை வரைந்து வைத்திருந்தார்கள். ஏழாம் தளத்தில் சாயமும் அடிக்கவில்லை. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார்கள்.

நான்காம் தளத்தில் வடிவாம்பாள் என்றொரு பெண் இருந்தாள். அந்த இரண்டு மீன்களை அவளைப்போல ஏக்கத்தோடு பார்க்க அந்தத் தளத்தில் ஆளில்லை என்று பெயரெடுத்தவள். அவளுக்கு ஒரே ஒரு கவலை. அவள் கணவர் சிற்றம்பலத்துக்குக் கடல் குமட்டல் வந்துவிட்டது. கப்பலிலேயே பிறந்து கப்பலிலேயே வளர்ந்தவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வெளியே சொல்ல முடியுமா? அக்கம்பக்கத்தில் அவருக்கு விரதம் என்று சொல்லி வைத்திருந்தாள். விரதம் மாதக்கணக்கில் நீண்டது. மனிதர் துரும்பாகிப்போனார். வேட்டி இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டார்.

கப்பல் வைத்தியர் வந்து நாடி பார்த்தார்.

"தினமும் தொடுவானத்தப் பாக்கணும்மா. இந்தக் கப்பல்ல எல்லாம் ஆடுது. ஆடாத பொருள் அது ஒண்ணுதான். அதையே பாத்துட்டிருந்தா வயிறு தானா அடங்கிடும்."

"பாக்கலேன்னா?"

"இன்னும் கொஞ்ச நாளைக்குத் தாங்குவார்."

"ஜன்னலுக்கு நான் எங்க போவேன் டாக்டர்?"

"அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தியர் கையை நீட்டினார். வடிவாம்பாள் அழுதுகொண்டே, முறை தவறாமல் சுவரைப் பார்த்து இனாம் கொடுத்தாள்.

ஜன்னல்களை ஒதுக்கும் அதிகாரம் மரியாதைத் துறை அமைச்சர் கம்பீரநாதரிடம் இருந்தது. அவர் வடிவாம்பாளை நிற்கவைத்தே பேசினார். மரியாதை தருவது அவர் துறையின் வேலையல்ல, பெறுவதுதான்.

"அம்மணி, ஜன்னல் என்பது வெறும் துளை அன்று. அது ஒரு தகுதி."

"அந்தத் தகுதி எப்படிங்க ஐயா வரும்?"

"கொடுக்கக் கொடுக்க வரும். எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பது முக்கியம் அன்று. எவ்வளவு அலட்சியமாகக் கொடுக்கிறீர்கள் என்பதே முக்கியம். எதற்கும் நிறையவே கொடுத்துப் பழகுங்கள்."

பழக்கிவிடுவதற்கு மூன்றாம் தளத்துப் பவளக்கொடி அம்மாளை அமைச்சரே சொல்லி அனுப்பினார். பவளக்கொடி அம்மாள் நான்காம் தளத்துக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள்.

"நாலாந்தளத்துக்காரங்களுக்குக் கழுத்தே திரும்பாதுன்னு சொல்வாங்க, நெசமா?"

"திரும்பும்க்கா."

"அக்காவா? நான் மூணாந்தளம்டீ. அம்மான்னு கூப்பிடு. எங்கே, குடு பாப்போம்."

வடிவாம்பாள் கழுத்தைத் திருப்பி, மீன்களைப் பார்த்து, காசை நீட்டினாள்.

"ஐயோ, கறிக்கு மீன் வாங்கற மாதிரியில்ல பாக்கறே! மொதல்ல கன்னம் திரும்பணும். அப்புறம் மூக்கு. கண்ணு கடைசியிலதான் போகணும், போக மனசில்லாத மாதிரி. கை இருக்கே, அது உன் கையே இல்லேன்னு நெனச்சுக்க."

இப்படியாக அவள் பழகிக்கொண்டிருந்தபோது முதல் அரசாணை வந்தது. பயணிகள் இவ்வளவு தாராளமாக இனாம் கொடுப்பதால், ஊழியர்களுக்குச் சம்பளமும் கொடுப்பது அவர்களுடைய கண்ணியத்துக்கு இழுக்கு என்று அரசு கண்டறிந்தது. சம்பளம் நிறுத்தப்பட்டது. ஊழியர்களின் கண்ணியம் உயர்ந்த நாள் என்று அதற்கு விழா எடுத்தார்கள். விழாவில் பரிமாறியவர்களுக்குச் சாப்பாடு போதவில்லை.

அடுத்த ஆணை அதைவிட நுட்பமானது. கொடுப்பவர் தவறிப்போய் வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துவிடக்கூடும் அல்லவா? முகம் பார்த்தல் குற்றமாக்கப்பட்டது. பயணிகளைக் குற்றத்திலிருந்து காக்க, ஒவ்வொரு சாப்பாட்டுக் கூடத்திலும் கனத்த சிவப்புத் திரை தொங்கவிடப்பட்டது. திரையில் ஓட்டைகள். ஓட்டைகளின் வழியே கைகள் மட்டும் நீளும். கொடுப்பதற்கு வசதியாக இருக்கிறது என்று முதல் தளத்தில் பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. திரைக்கு வெளியே நீளும் கைகள் பெருகின. திரைக்கு இந்தப் பக்கம் சோறு கொண்டுவரும் ஆட்கள் குறைந்தார்கள். ஊழியர்கள் பசி தாங்காமல் ஏழாம் தளத்தில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். பயணிகளே உலை வைத்தார்கள், பரிமாறினார்கள், எச்சில் தட்டைக் கழுவினார்கள். கழுவி முடித்ததும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலையோ மீனையோ பார்த்தபடி, நீண்ட கையில் இனாம் வைத்தார்கள். வைக்காமல் போனால் நம்மைக் கீழ்த்தளத்தார் என்று நினைத்துவிட மாட்டார்களா?

வடிவாம்பாளுக்கும் அந்தப் பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் அறைக்குள் சுருண்டு படுத்திருந்தது. அவள் வளையல் போனது, மூக்குத்தி போனது, நல்ல புடவைகள் போயின. கடைசியில் தேர்வுக்கு அழைப்பு வந்தது. மூன்றாம் தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், எல்லோர் முன்னிலையிலும், அலைகளைப் பார்த்தபடி அவள் இனாம் கொடுக்க வேண்டும். தேறினால் தொடுவானம் தெரியும் ஜன்னல் அறை. சிற்றம்பலத்தைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து வாசலில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க. இன்னைக்கு ஜன்னல் கெடைச்சுடும்."

"உன் காதுல கம்மலக் காணோமே, வடிவு?"

"பேசாம இருங்க. பேசினா பொரட்டும்."

அவள் கன்னம் திரும்பியது. மூக்கு திரும்பியது. கண் போக மனசில்லாமல் போய் அலைகளின்மேல் நின்றது. கூடத்தில் பாராட்டு முணுமுணுப்பு எழுந்தது. கம்மல் இரண்டும் திரையிலிருந்து நீண்ட கைக்குள் விழப்போன அந்த நொடியில் கப்பல் ஒரு குலுக்குக் குலுக்கியது. வாசலில் சிற்றம்பலம் ஓங்கரித்தார். வடிவாம்பாள் முறையெல்லாம் மறந்து சட்டென்று திரும்பினாள். கால் தடுக்கியது. விழாமலிருக்கத் திரையைப் பிடித்தாள். விழுந்தாள், திரைக்கு உள்ளே.

உள்ளே வரிசையாக முக்காலிகள் போட்டிருந்தார்கள். முதல் முக்காலியில், தங்க நங்கூரம் பொறித்த தொப்பியோடு, ஓட்டைக்குள் கையை விட்டபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தத் தொப்பி நாட்டில் ஒருவருக்குத்தான் உண்டு: ஆட்சித் தலைவரான மாலுமிப் பெருந்தகைக்கு. அடுத்த முக்காலியில் அமைச்சர் கம்பீரநாதர். அதற்கப்பால் முழு அமைச்சரவையும் இருந்தது.

"கப்பல ஓட்டறவரு நீங்கதானே?" என்றாள் வடிவாம்பாள், தரையில் கிடந்தபடி.

"சத்தம் போடாதீங்கம்மா" என்றார் பெருந்தகை. மேடையில் பேசும் தமிழ் அவருக்கு அந்த நேரத்தில் வரவில்லை.

"அப்ப மேல யாரு ஓட்டறா?"

பெருந்தகை அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் தொண்டையைச் செருமினார். "அந்தப் பொருள் குறித்து அமைச்சரவையில் இதுவரை வினா எழவில்லை."

"ஓட்டினா எங்கயாவது போய்ச் சேந்துடும்மா" என்றார் பெருந்தகை பரிதாபமாக. "சேந்துட்டா எல்லாரும் எறங்கிடுவாங்க. அப்புறம் நாங்க யாருக்கு ஆட்சி நடத்தறது?"

"அம்மணி" என்று கம்பீரநாதர் எழுந்து நின்றார், கையை ஓட்டையிலிருந்து எடுக்காமலே. "நீங்கள் முகம் பார்த்துவிட்டீர்கள். ஒரு முகம் அன்று, ஓர் அமைச்சரவையின் முகங்கள். சட்டப்படி உங்களை ஏழாம் தளத்துக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் கூச்சலிட்டால் எங்களை எங்கே அனுப்புவார்கள் என்பது தெளிவாக இல்லை. ஆகவே பேசி முடிப்போம். உங்கள் கோரிக்கை என்ன?"

திரையின் மறுபக்கம் சிற்றம்பலம் மறுபடி ஓங்கரிப்பது கேட்டது. வடிவாம்பாளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஏழாம் தளத்தில் படுத்துக்கிடப்பவர்களை நினைத்தாள். தன் மூக்குத்தியை நினைத்தாள். கடைசியில் கணவரையே நினைத்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஒரு ஜன்னல் போதும்" என்றாள்.

"ஜன்னல் அறை எதுவும் காலியாக இல்லை" என்றார் கம்பீரநாதர். பிறகு சற்று யோசித்தார். "சுக்கான் அறை மட்டும் நெடுங்காலமாகக் காலியாக இருக்கிறது."

மறுநாள் சிற்றம்பலத்தைச் சுக்கான் அறைக்கு ஏற்றினார்கள். மூன்று பக்கமும் கண்ணாடி. கண்ணாடி முழுக்கத் தொடுவானம். பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லாததால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வாரத்தில் கஞ்சி தங்கியது. அடுத்த வாரம் சோறு தங்கியது. இடுப்புக் கயிற்றை அவிழ்த்த அன்று வடிவாம்பாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கடலில் எறிந்தாள்.

ஆனால் முதல் தளத்து மாடத்திலிருந்து பார்த்தால் சுக்கான் அறை நன்றாகத் தெரியும். அங்கே உலாவ வந்த பெரியவர்கள் ஒருநாள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு மனிதர் இமைக்காமல் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் அப்படியே. இனாம் கொடுக்கும் அந்த ஒரு நொடிக்கே கழுத்து வலித்துப்போகும் அவர்களுக்கு மெய்சிலிர்த்தது.

"என்ன பார்வை அது! ஏழு தலமுறையாப் பழகினாலும் நமக்கு வராது."

"பக்கத்துல ஆள் நின்னாக்கூடத் திரும்பறதில்லையாமே!"

செய்தி தளம் தளமாக இறங்கியது. பவளக்கொடி அம்மாள் ஓடோடி வந்து வடிவாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அவரு மூணாந்தளத்து ஆளுன்னுதான் சொல்லிட்டு வரேன். இல்லேன்னு சொல்லிடாதீங்க."

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது. வாக்கு என்பதும் பயணி ஆட்சிக்குத் தரும் இனாம்தான் என்பதால், கடலைப் பார்த்தபடியே அதைப் பெட்டியில் போட வேண்டும். எந்தப் பெட்டியில் விழுகிறது என்று பார்ப்பது நாகரிகமல்ல. வழக்கமாக ஒரே பெட்டிதான் வைப்பார்கள் என்பதால் இதில் குழப்பம் வந்ததில்லை. இந்த முறை மாலுமிப் பெருந்தகை மேடையேறி, "பயணிகளே, உங்கள் பெருந்தகை வந்திருக்கிறேன்" என்று தொடங்கியபோது குழப்பம் வந்தது. அவர் யாரென்று எவருக்கும் தெரியவில்லை.

"சுக்கான் புடிச்சு நிக்கறவருதானே பெருந்தகை? நீங்க யாருங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"நான்தான்! என் முகத்தைப் பாருங்கள்!"

கூட்டம் பதறிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. குற்றமல்லவா? தொப்பியைக் காட்டினார், தொப்பியும் முகத்துக்கு மிக அருகில் இருந்தது. வேறு வழியில்லாமல் கையை நீட்டிக் காட்டினார். உடனே எல்லோருக்கும் அந்தக் கை தெரிந்துவிட்டது. கன்னம் திரும்பி, மூக்கு திரும்பி, கண் திரும்பி, ஆளுக்கொரு காசு வைத்துவிட்டுப் போனார்கள்.

சாட்சிக்கு அமைச்சர் கம்பீரநாதரை அழைத்தார்கள். "இந்தக் கை எனக்கு நெடுநாள் பழக்கம்" என்றார் அவர் கடலைப் பார்த்தபடி. "முகத்துக்கு நான் சாட்சி சொல்ல முடியாது. சட்டம் அப்படி." பெட்டியில் விழுந்த வாக்கெல்லாம் சுக்கான் பிடித்து நிற்பவர் பேரிலேயே எண்ணப்பட்டது. அன்று மாலையே கம்பீரநாதர் புதிய மாலுமிப் பெருந்தகை சிற்றம்பலத்துக்கு வாழ்த்துச் சொல்லப் படியேறினார்.

"நானா?" என்றார் சிற்றம்பலம். "நான் வாந்தி வராம நின்னுட்டிருந்தேன், அவ்வளவுதானே வடிவு?"

"அதுதான் வேணுமாம்" என்று சிரித்தாள் அவள். பிறகு அமைச்சர் போகட்டும் என்று காத்திருந்து, குரலைத் தாழ்த்தினாள். "மொதல்ல அந்தத் திரையக் கழட்டணுங்க."

"கழட்டிடலாம்."

"கீழ படுத்திருக்காங்களே, அவங்களுக்குச் சம்பளம்?"

"குடுத்துடலாம். இதெல்லாம் ஒரு பேச்சா?"

"அப்படியே கப்பலயும் ஓட்டிப் பாருங்க. சக்கரம் கையிலதானே இருக்கு."

"ஓட்டிடலாம் வடிவு" என்றார் அவர், தொடுவானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதல் மாதத்தில் சிவப்புத் திரை கழற்றப்பட்டது. பழசாகிவிட்டதென்று அதே இடத்தில் பச்சைத் திரை போட்டார்கள். இரண்டாம் மாதத்தில் ஜன்னல் இல்லாத தளங்களின்மேல் புதிய ஆட்சி தனிக் கவனம் செலுத்தியது. சுவரில் மூன்றாவதாக ஒரு மீன் வரையப்பட்டது. ஏழாம் தளத்தில் சாயம் அடிப்பதாக அறிவிப்பு வந்தது. வடிவாம்பாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். புதுசுதானே, கொஞ்சம் ஆகும். உடம்பு இப்போதுதானே தேறியிருக்கிறது. அந்தக் கம்பீரநாதர்தான் ஏதாவது சொல்லியிருப்பார்.

ஒரு பிற்பகலில், தானே நேரில் கேட்டுவிடுவது என்று முடிவுசெய்து, அவருக்குப் பிடித்த நொய்க்கஞ்சியை ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டு சுக்கான் அறைக்கு ஏறினாள். சிற்றம்பலம் கண்ணாடியைப் பார்த்து நின்றிருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. கன்னத்தில் சதை வைத்திருந்தது. இப்படி ஒருநாள் அவரைப் பார்க்க வேண்டும் என்றுதானே அத்தனையும் செய்தோம் என்று நினைத்துக்கொண்டாள். கேட்க வந்தது மறந்துபோயிற்று.

காலடிச் சத்தம் கேட்டும் அவர் திரும்பவில்லை. இடது கை சுக்கானின்மேல் இருந்தது. வலது கை மட்டும் மெல்லப் பின்பக்கமாக வந்து, அவளை நோக்கி உள்ளங்கை விரிய நின்றது.

பசி வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, வடிவாம்பாள் அந்தக் கையில் டம்ளரை வைத்தாள்.

விரல்கள் டம்ளரை ஒருமுறை தடவிப் பார்த்தன. அதைப் பக்கத்துப் பலகையில் ஓரமாக வைத்தன. பிறகு மறுபடியும் அவள் முன்னால் விரிந்தன.