நடுவில் ஒரு சாம்பல் நாடு

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளும்மா.”

“அந்தப் பின்பக்க ரூம் இருக்கில்ல…”

“ஆமா, ஒட்டடை அடிக்கணும். ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்.”

குடியிருந்தவர் ரூமைக் காலி செய்த அன்று கணவனுக்கும் மனைவிக்கும் நடந்த பேச்சு இது. புரூஃப்காரரின் நினைவில் இது ஒட்டடையைப் பற்றிய பேச்சாகத்தான் தங்கியது.

அச்சகத்தில் பதினேழு வருடமாகப் புரூஃப் பார்ப்பவர் அவர். பார்த்துப் பார்த்து அதுவே பெயராகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவரும் தாள்களைச் சமையலறை மேஜையின் ஒரு கோடியில் வைத்துத் திருத்துவார். மறு கோடியில் குக்கர் கத்தும். அந்தப் பின்பக்க ரூமில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, சாத்திக்கொள்ள ஒரு கதவு. அவர் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

மாடியில் இருந்த மச்சானும் அதே ரூமைத்தான் கேட்டார். வீடு அண்ணன் தங்கை இருவருக்கும் பொது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரான அவர், எவ்வளவு நடந்தாலும் இருந்த இடத்திலேயே வைத்திருக்கும் நடை இயந்திரம் ஒன்றை ஏற்கெனவே வாங்கிவிட்டார். அது மாடிப்படியின் அடியில் போர்வை போர்த்திக்கொண்டு காத்திருந்தது.

“சண்டை வேண்டாம் மாப்ள. விளையாடித் தீத்துக்கலாம்” என்றார் மாஸ்டர்.

விளையாட்டுச் சாமானைக் கொண்டுவந்தது புரூஃப்காரர். அவர் அச்சகத்தில் அடித்த போர் விளையாட்டு. வடக்கே புரூஃப்காரரின் சிவப்பு நாடு, தெற்கே மாஸ்டரின் நீல நாடு, நடுவில் எதிலும் சேராத சாம்பல் நாடு. விதிப் புத்தகம் கூட அவர் சிவப்பு மையால் திருத்திய அதே பிரதி. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ‘சரி’ என்று கையெழுத்து. அதில் ஒரு புள்ளி அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. மச்சான் மாட்டிக்கொண்டார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

சாம்பல் நாட்டுக்கு ஒரு கை குறைந்தது. மனைவியைக் கூப்பிட்டார்கள்.

“நீ சும்மா உக்காரு பாப்பா. நாங்க பேசறத கேட்டா போதும்” என்றார் அண்ணன்.

“எட்டு மணி நேரம் ஆபீஸ்ல அதத்தான் செய்யறேன்” என்றாள் அவள். குடிநீர் அலுவலகத்தில் புகார் தொலைபேசி எடுப்பவள். “ஜெயிக்கற நாட்டுக்கு ரூம். அப்படித்தானே?”

“அப்படித்தான்” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

“சரி. அந்தப் புஸ்தகத்தக் குடுங்க, பஸ்ல படிக்கறேன்.”

மொத்தம் பன்னிரண்டு சுற்று. ஞாயிறு காலையில் இரண்டு சுற்று ஆடினாலே மதியச் சாப்பாடு தள்ளிப்போயிற்று. வரைபடத்தைக் கலைக்கக் கூடாது என்பதால் மேஜை வாரம் முழுக்கப் போர்க்களமாகவே கிடந்தது. எல்லோரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். புரூஃப்காரர் ஃபிரிட்ஜின் தலையில் தாளைப் பரப்பி, நின்றுகொண்டே திருத்தினார். விளைவாக, ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரும் மாமனார் பெயரும் இடம் மாறி அச்சாகி, முதலாளி அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

ரூம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும். ரூம் கிடைக்கச் சாம்பல் நாடு தன் பக்கம் சேர வேண்டும். மலைக் கணவாய் அவளிடம்தான் இருந்தது.

முதலில் அவளுக்கு ஒரு துறைமுகத்தைப் பரிசாகக் கொடுத்தார்.

“ரொம்ப நன்றி. நான் நடுநிலை” என்றாள்.

உடனே மாஸ்டர் இரண்டு துறைமுகம் கொடுத்தார். அதற்கும் நன்றி வந்தது.

அடுத்த வாரம் புரூஃப்காரர் அவள் எல்லையில் நாலு பட்டாளத்தை நிறுத்தினார்.

“இது எதுக்குங்க?”

“உன் பாதுகாப்புக்குத்தான்.”

“யார்கிட்டேர்ந்து?”

அவர் பதில் யோசிப்பதற்குள் அவள் கணவாயை மூடிவிட்டாள். சிவப்பு நாட்டின் தானிய வண்டிகள் மலையடிவாரத்தில் நின்றுபோயின. புரூஃப்காரரின் கால் தன்னால் ஆடத் தொடங்கியது. மேஜை ஆடி, நீலப் படையில் இரண்டு பட்டாளம் கடலில் விழுந்தது.

“மாப்ள, காலால எல்லாம் போர் பண்ணக்கூடாது.”

வாரநாளிலும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸில் கைவிரலால் படை நகர்த்தினார். ஒரு புதன்கிழமை, தூதனுப்புவதாக நினைத்து, எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்து வைத்தார். அதை மாடிப்படியிலிருந்து மாஸ்டர் பார்த்துவிட்டார். மறுநாள் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தார். இவர் துணிக்கு இஸ்திரி போட்டார். அவர் தங்கையை டிரைவிங் ஸ்கூல் காரிலேயே ஆபீஸில் இறக்கிவிட்டார். இவர் ஜன்னல்களைத் துடைத்தார். சாம்பல் நாடு சோபாவில் சாய்ந்து நகம் வெட்டிக்கொண்டது.

ஐந்தாவது ஞாயிறன்று புரூஃப்காரர் துணிந்து ஒரு காரியம் செய்தார். நீல நாட்டு ராஜா எழுதியதுபோல் ஒரு மிரட்டல் கடிதம் தயாரித்து, அவள் காய்களுக்கு அடியில் செருகிவைத்தார்.

அவள் எடுத்துப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள்.

“‘அடுத்த சுற்றில் உன் துறைமுகங்களைக் கைப்பற்றுவேன்.’ அண்ணா, இது நீ எழுதினதா?”

“நானா? இல்லையே.”

“தெரியும். ஒரு தப்புகூட இல்லாம இருக்கு.”

அன்றைக்குச் சிவப்பு நாட்டுக்குக் கடல் வழியும் மூடப்பட்டது. மாஸ்டர் மதியம் வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

மிச்சமிருந்தது ஆறாம் பக்கத்து விதி. யார் முதலில் சாம்பல் எல்லையைத் தாண்டுகிறார்களோ, அவர்களுடைய எதிரியோடு அது சேர்ந்துவிடும். ஆக, மச்சானைத் தாண்ட வைக்க வேண்டும். கடைசி ஞாயிறன்று புரூஃப்காரர் ஆசை காட்டுவதற்காகத் தன் கோட்டையைத் திறந்துபோட்டுவிட்டுப் பின்வாங்கினார். மாஸ்டரும் அதே பக்கத்தைப் படித்திருந்தார்போல, அவரும் பின்வாங்கினார். இவர் இன்னும் இரண்டு கட்டம். அவர் மூன்று. பன்னிரண்டாவது சுற்று முடிந்தபோது இரண்டு படைகளும் மேஜையின் இரண்டு விளிம்பில் முதுகு இடிக்க நின்றன. நடுவில் அவள் மட்டும் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

மாஸ்டரின் மனைவி துணி வாளியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது. யாரும் ஜெயிக்கல” என்றார் மாஸ்டர். “அடுத்த வாரம் மறுபடி மொதல்லேர்ந்து.”

“மறுபடியுமா?” என்றார் புரூஃப்காரர். ஃபிரிட்ஜின் மேல் அறுபது பக்கம் காத்திருந்தது.

“அதெப்படி யாரும் ஜெயிக்காம இருக்கும்?” மாஸ்டரின் மனைவி வாளியை வைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை எடுத்தார். “உங்க தங்கச்சி அன்னிக்கே எனக்குப் படிச்சுக் காட்டினாளே. இதோ, பதினெட்டாம் பக்கம். ‘பன்னிரண்டு சுற்றும் முடியும்வரை எவரோடும் சேராமல் இருந்தால், நடுநிலை நாடே வென்றதாகும்.’”



“அச்சுப் பிழையா இருக்கும்” என்றார் புரூஃப்காரர்.

“அடியில ‘சரி’ன்னு நீங்கதானேண்ணா கையெழுத்துப் போட்டிருக்கீங்க” என்றார் மாஸ்டரின் மனைவி.

அவர் வாங்கிப் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான். அந்த வரியில் விட்டுப்போயிருந்த ஒரு எழுத்தைக்கூட அவரே சேர்த்திருந்தார். எழுத்தெல்லாம் கண்ணில் பட்டிருக்கிறது. சொன்னது என்ன என்பதுதான் படவில்லை. இப்படி இன்னும் எதையெல்லாம் ‘சரி’ போட்டு அனுப்பினோமோ என்று யோசித்தபோது, இரண்டு மாதத்துக்கு முந்தைய பேச்சு ஒன்று அவருக்கு நினைவு வந்தது.

“ஏம்மா, அன்னிக்கு அந்த ரூமப் பத்தி என்னமோ கேக்க வந்தியே. ஒட்டடை இல்லையா அது?”

“ஒட்டடை நீங்க சொன்னது.”

“அப்ப நீ கேக்க வந்தது?”

அவள் சாம்பல் காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினாள். கடைசிக் காயையும் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அந்த ரூம் எனக்கு வேணும்ங்க. ஊர்ல இருக்கற குழாயெல்லாம் நாள் பூரா என் காதுலதான் ஒழுகுது. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம், கதவச் சாத்திக்கிட்டு, யார் பேச்சும் கேக்காம உக்காரணும். நீங்க வேணா புரூஃப எடுத்துக்கிட்டு வாங்க. ஆனா தட்டிட்டு வரணும். படை வெளியிலயே நிக்கட்டும்.”